இளவரசுக்கு இளவரசு என்ன முறை?

இளவரசுக்கு இளவரசு என்ன முறை வேண்டும் என்று கேட்டு ஒரு பதிவுத் தபால் வந்தது. பதினைந்து நாளுக்குள் ஆதாரத்தோடு பதில் வராவிட்டால் கோப்பு மூடப்படும் என்றும் அதில் இருந்தது. கடலூர் முதுநகர் வீட்டு வாசலில் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய இளவரசு, தபால்காரர் தெருமுனை திரும்பிய பிறகும் அங்கேயே நின்றான். வயசு முப்பத்தொன்பது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேர் அவனை என்ன முறை என்று விசாரித்திருக்கிறார்கள். யாரும் இப்படி விசாரித்ததில்லை.

எல்லாம் ஒரு மணிக்கட்டில் ஆரம்பித்தது. முதுநகருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். கார்த்திகை மழையில் நின்றுபோன வண்டியைத் தள்ளப்போய், வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தான். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்கு என்று சொல்லித் துணிக்கட்டு போட்டு அனுப்பினார்கள். அடுத்த எக்ஸ்ரேயில் மணிக்கட்டுக்குள் ஒரு சின்ன எலும்பு ரெண்டாகக் கிடந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். தை போனது, மாசி போனது, பங்குனியும் பாதி ஓடிவிட்டது. எலும்பு மட்டும் பங்காளிச் சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி ஒட்ட மாட்டேன் என்றே கிடந்தது. வண்டியில் வேகம் கூட்டுவதும் குறைப்பதும் வலது கையைத் திருகித்தான். அந்தத் திருகல் போனால் இளவரசின் பிழைப்பு போச்சு.

கை கூடும்வரைக்கும் வண்டியை அவன் மனைவி அனுப்பிரியாவின் தம்பி அருண்பாண்டியன் ஓட்டினான். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன், அக்காவுக்காக வந்து சேர்ந்தான்.

மச்சானும் மாமனும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறி, எலும்பு இணைப்பு உயர் மையம் என்ற பெரிய கட்டடத்துக்குப் போனார்கள். அங்கே டாக்டர் அறிவுமதி எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டி விரலால் காட்டினார்.

"முந்திரிப் பருப்பு அளவுதான் இருக்கும் இந்த எலும்பு. இதுக்கு ஒரு முனையிலருந்துதான் ரத்தம் வருது. ஒடஞ்சதால அடுத்த பாதிக்குச் சரியா போவல. உங்க இடுப்பெலும்புலருந்து ஒரு துண்டு எடுத்து நடுவுல வெச்சு, ஒரு ஸ்குரூ போட்டா கூடிடும். ஆனா ஆடி முடியறதுக்குள்ள பண்ணியாவணும். அதுக்கு மேல போனா அந்தப் பாதி செத்துடும். செத்த எலும்புல எத வெச்சாலும் புடிக்காது."

"ஆபரேசன் எவ்ளோ நேரம் டாக்டர்?"

"ரெண்டு மணி நேரம்." டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றினார். "வாரியத்துல அனுமதி வாங்க எவ்ளோ நேரம் ஆவும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

எலும்பு இடமாற்ற ஒழுங்குமுறை வாரியத்தின் மண்டல அலுவலகம் கடலூர் செம்மண்டலத்தில் இருந்தது. எங்கேயோ யாரோ யாருடைய எலும்பையோ விற்றுவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பி, அதைத் தடுக்க ஆரம்பித்த வாரியம் அது. ஓர் எலும்பு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதென்றால், தருபவருக்கு ஒரு கோப்பு, பெறுபவருக்கு ஒரு கோப்பு. இரண்டும் தனித்தனியே நகர்ந்து, தனித்தனியே தேற வேண்டும். இதற்காக அங்கே பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். அதில் நான்கு பேர் ஒரு கோப்பு இன்னொரு கோப்போடு ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள்.

விசாரணை மேசையில் மங்கலம் என்ற அம்மாள் இருந்தார்.

"தர்றவரு யாரு?"

"நான்தாம்மா," என்றான் இளவரசு.

"வாங்குறவரு?"

"அதுவும் நான்தான்."

மங்கலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "தமாசு பண்ற எடமா இது? தர்றவரு மூணாம் கவுன்டரு. வாங்குறவரு அஞ்சாம் கவுன்டரு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல வந்து நிக்கணும். அதான் ரூல்ஸ்."

இளவரசு இரண்டு டோக்கன் வாங்கினான். இரண்டையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். மூன்றாம் கவுன்டருக்கு ஓடினான். அங்கே வேலை முடித்து ஐந்தாம் கவுன்டருக்கு வருவதற்குள், பெறுபவர் ஆஜராகவில்லை என்று எழுதி முடித்திருந்தார்கள். அடுத்த வாரம் அவன் ஐந்தாம் கவுன்டருக்கு முதலில் ஓடினான். அன்றைக்குத் தருபவர் ஆஜராகவில்லை. மூன்றாம் வாரம் அருண்பாண்டியனை ஐந்தாம் கவுன்டரில் நிற்க வைத்துப் பார்த்தார்கள்.

"நீங்கதான் இளவரசா?"

"இல்லிங்க. எங்க மாமா. அதோ மூணாம் கவுன்டர்ல நிக்கிறாரு பாருங்க."

"அவரு தர்றவரு. நான் வாங்குறவரக் கேக்குறேன்."

"ரெண்டும் அவருதான் சார்."

ஆள்மாறாட்டம் என்று எழுதி ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். விளக்கம் எழுதி, அதற்கு ஒரு விளக்கம் எழுதி முடிப்பதற்குள் சித்திரை போய்விட்டது. பெரியவர்களைப் பார்க்கும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று அருண்பாண்டியன் காடாம்புலியூரிலிருந்து ஒரு பலாப்பழத்தைத் தூக்கிவந்து அலுவலகத்தில் இறக்கினான். நல்ல பழம். அன்றைக்குப் பதினோரு பேர் கையிலும் நல்லெண்ணெயும் பிசினுமாக இருந்ததால் எந்தக் கோப்பையும் யாராலும் தொட முடியவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த முறை கேட்கும் தபால் வந்தது. இளவரசு அதை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போனான். அவர் படித்துவிட்டு, "உயிரோட இருக்கறதுக்கு சர்டிபிகேட் கேளு, தர்றேன். குடியிருக்கறதுக்குக் கேளு, தர்றேன். உனக்கு நீ சொந்தம்னு நான் எப்டிப்பா எழுதறது? நாளைக்கு வேற யாராவது உரிமை கொண்டாடிக்கினு வந்தா?" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் இளவரசுக்குப் பட்டது. இப்போதெல்லாம் அவனுக்கு எல்லார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பது போலவே பட்டது.

கடைசியில் வாரியமே ஒரு முடிவுக்கு வந்தது. நெருங்கிய உறவினர் பட்டியலில் அப்பா, அம்மா, மகன், மகள், அண்ணன், தங்கை, கணவன், மனைவி, தாத்தா, பாட்டி எல்லாரும் இருந்தார்கள். தான் என்று ஒருவர் இல்லை. ஆகவே இளவரசு, இளவரசுக்கு உறவில்லாதவர். உறவில்லாதவர் எலும்பு தர வேண்டுமானால், அன்பின் காரணமாக மட்டுமே தருகிறார் என்று நிரூபிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து இருக்கும் மூன்று புகைப்படங்கள் கட்டாயம்.

அனுப்பிரியா கல்யாண ஆல்பத்தையே எடுத்துக் கொடுத்தனுப்பினாள். மங்கலம் புரட்டிப் பார்த்தார்.

"இதுல தர்றவரு மட்டும்தான இருக்காரு. வாங்குறவரு எங்க?"

அருண்பாண்டியன் மாமனை மஞ்சக்குப்பத்தில் ஒரு சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணாடி முன்னால் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து செல்போனில் மூன்று படம் எடுத்தான். ஒன்றில் இரண்டு இளவரசும் சிரித்தார்கள். ஒன்றில் ஒருவரையொருவர் கவலையோடு பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவதில் இருவரும் சேர்ந்து தலை சீவினார்கள்.

"மொதல்லயே இத கொண்டாந்திருக்கலாம்ல?" என்றார் மங்கலம். "பாக்கவே எவ்ளோ ஒத்துமையா இருக்குது!"

ஆனி மாதம் விசாரணைக் குழு கூடியது. நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் வாரியத்தின் இணை இயக்குநர் சுப்பிரமணியன். தும்பைப்பூ மாதிரி சட்டை போட்டவர், கருணையான முகம். இளவரசை உட்காரச் சொன்னார்.

"பெறுபவரை உங்களுக்கு எத்தனை வருஷமா தெரியும்?"

"பொறந்ததுலருந்து சார்."

"ஆள் எப்படி?"

இளவரசு யோசித்தான். பொய் சொல்லக் கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். "பரவால்ல சார். கொஞ்சம் கோவம் ஜாஸ்தி."

ஐந்து பேரும் எழுதிக்கொண்டார்கள்.

"எலும்பு குடுக்கணும்னு உங்கள அவரு வற்புறுத்தினாரா?"

"ரொம்ப வலி சார். தாங்க முடியல. அதான்."

"வலி அவருக்கா, உங்களுக்கா?"

"அவருக்கு வலிச்சாலும் எனக்குத்தான சார் வலிக்கும்."

ஓர் உறுப்பினர் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஓர் அன்பைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு சம்மதம் கேட்க அனுப்பிரியாவைக் கூப்பிட்டார்கள்.

"தருபவர் உங்களுக்கு யாரும்மா?" என்றார் சுப்பிரமணியன்.

"வீட்டுக்காரரு சார்."

"பெறுபவர்?"

"வீட்டுக்காரரு."

ஐந்து பேரும் மேசையைப் பார்த்தார்கள். சுப்பிரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இது தருபவருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாம எப்டி சார்? அவருதான தாலி கட்டினாரு!"

"எத்தனை வருஷமா நடக்குது?"

"பதினாலு வருசம் ஆவுது சார். ஏன் சார் இப்டி கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நாங்க யாரோட சொந்த வாழ்க்கையிலயும் தலையிடறதில்ல." அவர் அனுப்பிரியாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குறிப்பேட்டில் இப்படிப் பதிவானது: குடும்பச் சூழல் சிக்கலானது. தருபவர் மிகுந்த பெருந்தன்மை உடையவர். பெறுபவரின் நடத்தை விசாரணைக்கு உரியது. தருபவர் கோப்பு உடனடியாக ஏற்கப்படுகிறது. பெறுபவர் கோப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அனுப்பிரியா அழுதுவிட்டாள். "என்னய இன்னான்னு நெனச்சிருப்பாங்க அவுங்க? இன்னாங்க, நீங்களாவது ரெண்டு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" இளவரசுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. எல்லாம் அந்தப் பெறுகிறவனால் வந்த வினை என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்த பிறகுதான் பயந்தான்.

ஆடி மூன்றாம் தேதி சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. ஆபரேஷனுக்கு வரச் சொன்னார்கள். வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். டாக்டர் சொன்ன கெடுவுக்குள் வந்துவிட்டதே! டாக்டர் அறிவுமதி ஏதோ பயிற்சி என்று வெளியூர் போயிருந்தார். பரவாயில்லை, குழு இருக்கிறது என்றார்கள். முதுகில் ஊசி போட்டார்கள். கூடவே தூக்கத்துக்கும் ஏதோ போட்டார்கள். இளவரசு கண் விழித்தபோது இடுப்பில் பெரிய கட்டு இருந்தது. தொட்டால் உயிர் போனது. வலது கையைத் தூக்கிப் பார்த்தான். பழைய மாவுக்கட்டு, அருண்பாண்டியன் விளையாட்டாக எழுதிய வண்டி நம்பரோடு அப்படியே இருந்தது.

"சிஸ்டர், கையில ஒண்ணும் பண்ணலியே?"

"நாங்க எடுப்புக் குழுங்க. எடுத்தாச்சு, நல்லபடியா முடிஞ்சுது. வைக்கிறது வைப்புக் குழு. அதுக்குப் பெறுபவர் கோப்பு வரணும்."

"எடுத்தது எங்க?"

"எலும்பு வங்கியில."

அந்த ராத்திரி இளவரசு ஒருக்களித்துப் படுக்கவும் முடியாமல், மல்லாந்து படுக்கவும் முடியாமல் தவித்தான். ஒரு கை உடைந்தவனாக உள்ளே போனவன், ஒரு கையும் ஓர் இடுப்பும் போனவனாக வெளியே வந்தான்.

நடக்க முடிந்த அன்றைக்கே மச்சான் தோளைப் பிடித்துக்கொண்டு செம்மண்டலத்துக்குப் போனான். சுப்பிரமணியன் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க வாங்க! உங்களப் பத்திதான் தலைமையகத்துல பேச்சு. நம்ம வங்கிக்கு வந்த மொதல் எலும்பே உங்களுதுதான்!"

"சார், அத எடுத்து என் கையில வெச்சுடச் சொல்லுங்க சார். ஆடி முடியப்போவுது."

"அது இப்ப உங்களுது இல்லியே. குடுத்துட்டீங்களே. குடுத்தத திருப்பிக் கேக்கறது தானமாவுமா?"

"சரி சார். வாங்குறவருக்குக் குடுங்க."

"அவரு காத்திருப்போர் பட்டியல்ல இருக்காரு. விசாரணை முடிஞ்சு முறையா சேத்தாச்சு. நாப்பத்தோராவது ஆள்."

"முன்னாடி இருக்கிற நாப்பது பேருக்கும் எப்ப சார் குடுப்பீங்க?" என்றான் அருண்பாண்டியன்.

சுப்பிரமணியன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்குப் பிடித்த இடத்துக்குப் பேச்சு வந்திருந்தது.

"தம்பி, நிர்வாகம்னா என்னான்னு தெரிஞ்சுக்குங்க. ஒரு எலும்பு வங்கின்னா, கையிருப்பு எப்பவும் ஒரு எலும்புக்குக் குறையக் கூடாது. குறைஞ்சா அங்கீகாரம் போயிடும். நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணு. அதை எடுத்துக் குடுத்தா வங்கியை மூடிடுவாங்க. வங்கியை மூடிட்டா இந்த நாப்பத்தோரு பேருக்கும் யாரு எலும்பு குடுப்பாங்க? அவுங்க நன்மைக்காகத்தான் அவுங்களுக்குக் குடுக்காம வெச்சிருக்கோம். ஃப்ரீசர் வாங்க நான் எத்தனை வருஷம் போராடினேன் தெரியுமா? காலியா ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆடிட்ல கேள்வி மேல கேள்வி. இப்ப யாரு வந்தாலும் தெறந்து காட்டுறேன். ஒரு குத்தம் சொல்ல முடியாது." அவர் குரல் தழுதழுத்தது. "உங்க மாமாவாலதான் இந்த ஆபீஸ் பொழச்சுது."

"அப்ப மாமா எப்டி சார் பொழைக்கிறது?"

"இன்னொருத்தர் யாராவது எலும்பு குடுத்தா, உங்க மாமா எலும்ப நாம தாராளமா வெளிய எடுக்கலாம்," என்றார் சுப்பிரமணியன். பிறகு இளவரசின் மறுபக்க இடுப்பைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்தார். அருண்பாண்டியன் மாமனை எழுப்பி வெளியே கூட்டி வந்துவிட்டான்.

ஆடி முடிந்தது. ஆவணி முடிந்தது. புரட்டாசியில் டாக்டர் அறிவுமதி பயிற்சியிலிருந்து திரும்பி வந்தார். எக்ஸ்ரேயை மாட்டிப் பார்த்தார். பிறகு இளவரசைப் பார்க்காமல் அனுப்பிரியாவைப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் பாதி செத்துப்போச்சும்மா. இனிமே இடுப்பெலும்பு கெடச்சாலும் வெச்சுப் பிரயோஜனம் இல்ல. வலி ஜாஸ்தியாச்சுன்னா மணிக்கட்ட அசையாம சேத்து வெச்சுடலாம். வலி போயிடும். கை மடங்காது, திரும்பாது."

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்றான் இளவரசு.

டாக்டருக்குக் கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. மருந்துச் சீட்டில் தேதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

டாக்டரின் அறிக்கை முறைப்படி வாரியத்துக்குப் போனது. பெறுபவர் தகுதி இழந்தார் என்று பட்டியலிலிருந்து நாற்பத்தோராவது பெயரை அடித்தார்கள். தருபவருக்கு ஒரு கடிதம் வந்தது. நல்ல கெட்டித் தாளில் அச்சிட்டிருந்தார்கள். தாங்கள் உதவ நினைத்தவருக்கு உதவி போய்ச் சேராததற்கு வாரியம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது, ஆறுதல் ஆலோசனைக்குத் தங்கள் துணைவியாருடன் வரவும் என்று அதில் கண்டிருந்தது.

போக வேண்டாம் என்றாள் அனுப்பிரியா. கூப்பிட்டிருக்கிறார்களே, போகாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்றான் இளவரசு. போனார்கள்.

ஆறுதல் அறையில் ஜன்னலுக்குத் திரை போட்டு, சின்ன விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஆலோசகர் பிரிசில்லா என்ற பெண். புதிதாக வேலைக்கு வந்தவர். இந்த ஆறேழு மாதத்தில் இளவரசிடம் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஊழியர் அவர்தான். மேசையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றின் மேல் கை வைத்துக்கொண்டார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது சார். நமக்கு ரொம்ப வேண்டியவங்களக் காப்பாத்தணும்னு எவ்வளவோ பண்றோம். சில நேரம் முடியாமப் போயிடுது. அது உங்க தப்பு இல்ல."

"மேடம், அவரேதான் மேடம்..." என்று அனுப்பிரியா ஆரம்பித்தாள்.

"நீங்க இருங்கம்மா, அவரு பேசட்டும்," என்றார் பிரிசில்லா கனிவாக. "சொல்லுங்க சார். அவரப் பத்தி ஏதாவது சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. சொன்னா பாரம் குறையும்."

இளவரசு வாயைத் திறந்தான். அது நான்தான் என்று எத்தனை கவுன்டரில், எத்தனை மேசையில் சொல்லியிருப்பான்! ஒருத்தரும் எழுதிக்கொள்ளவில்லை. மேசை மேல் கிடந்த வலது கையைப் பார்த்தான். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அது சூம்பிப்போய், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. விழுந்த அன்றைக்கும் அழாதவன், இடுப்பை வெட்டிய ராத்திரியும் அழாதவன், தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

"நல்ல பையன் மேடம் அவன்," என்றான். "எவ்ளோ மழ பேஞ்சாலும் ஒரு சவாரிய நடுவுல எறக்கி உட்டதில்ல. வண்டி ஓட்டறதத் தவிர அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"குடும்பம் இருக்கா அவருக்கு?"

இளவரசு அனுப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இருக்குது மேடம்," என்றான். "இனிமே இன்னா பண்ணப் போறாங்களோ, பாவம்."

பிரிசில்லா அதைக் குறித்துக்கொண்டு, தேதி போட்டு, பெறுபவர் கோப்பை மூடினார்.